பவுனுவின் காதுகுத்தும் பூட்டிய பாட்டும்

ஒரு காட்டில் டவர் நன்றாகக் கிடைத்தது. வினையெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தக் காட்டில் பாட்டு என்றால் குயில் முத்தையா பாடுவதுதான் பாட்டு. ஆனால் அவர் பாடி முடித்து மூச்சு வாங்குவதற்குள் கரிச்சான் குருவி கந்தவேல் அதை அச்சு அசலாகப் பாடிவிடுவான். எந்தக் குரலைக் கேட்டாலும் திருப்பிப் பாடும் தொண்டை அவனுக்கு. போதாததற்கு ஒரு சவுண்ட் சர்வீஸும் வைத்திருந்தான். பத்து ஈசல் கொடுத்தால் மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தருவான்.

குயிலுக்குப் பாட்டைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. கூடு கட்டக்கூடத் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம்.

"காடு முழுக்க என் பாட்டு கேக்குது. என் வயிறு மட்டும் காலியா கெடக்கு" என்று அவர் புலம்பினார். நியாயமான புலம்பல்தான். அதைக் காதில் போட்டுக்கொண்டது நரி என்பதுதான் கோளாறு.

நரி நல்லமுத்து செல்போனில் ஒரு பாட்டுக் கடை திறந்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பூட்டு போட்டான். பாட்டை வாங்கும்போதே ஒரு காதைப் போனில் வைத்துப் பதிய வேண்டும். பிறகு அதே காது போனில் ஒட்டியிருந்தால்தான் பாட்டு ஓடும். "இனிமே ஒருத்தனும் உங்க பாட்டைத் திருட முடியாதுண்ணே" என்று நரி சொன்னதும் குயில் உருகிப்போய், நீட்டிய இடத்திலெல்லாம் 'சம்மதம்' என்று அழுத்தினார். படித்துப் பார்த்தாரா என்று கேட்காதீர்கள். நீங்கள் படிக்கிறீர்களா?

இந்தக் கடையில் முதல் ஆளாகப் பாட்டு வாங்கியவள் முயல் செவ்வந்தி. அவள் மகள் பவுனுவுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு முறை பவுனு ஊசியைக் கண்டதும் வளைக்குள் ஓடி ஒளிந்து, விசேஷம் நின்றுபோயிருந்தது. குயிலின் தாலாட்டைக் கேட்டால் மட்டும்தான் அந்தக் குட்டி அடங்கும்.

"அக்கா, நான் சும்மாவே ஏத்தித் தர்றேன்" என்றான் கந்தவேல்.

"வேணாம் தம்பி. புள்ளைக்கு நல்ல காரியம் பண்றோம், திருட்டுப் பாட்டு எதுக்கு? நீ குழாய் மட்டும் கட்டிக் குடு" என்றாள் செவ்வந்தி. கடையில் முறையாகப் பழம் கொடுத்து, மகளின் இடது காதைப் பதிந்து தாலாட்டை வாங்கினாள். அவ்வளவு நல்லவள். பாவம்.

விசேஷ வீட்டுப் பாட்டு பக்கத்துக் காடு வரைக்கும் கேட்டாக வேண்டும் அல்லவா? கந்தவேல் தேக்கு மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, போனிலிருந்து ஒயர் இழுத்தான். தாய்மாமன் மாரப்பன் மடியில் பவுனு உட்கார்ந்தாள். இடது காதில் போனை வைத்தார்கள். தாலாட்டு காடெல்லாம் கேட்டது. பவுனு கண் சொக்கினாள். முள்ளம்பன்றி ஆசாரி தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கி, இடது காதில் நறுக்கென்று ஒரு குத்து.

பாட்டு நின்றுவிட்டது. குழாய் ஸ்பீக்கர் கணீரென்று சொன்னது: "இது பதிவு செய்த காது அல்ல."

பவுனு போட்ட அலறலில் மாமன் மடி நனைந்தது. இன்னொரு காது பாக்கி. நல்ல நேரமோ முடியப் போகிறது. ஒற்றைத் தோட்டோடு பிள்ளை எழுந்தால் செவ்வந்தியின் புகுந்த வீட்டார் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நரி அங்கேதான் முதல் பந்தியில் இருந்தான். விசேஷ வீட்டில் விசேஷக்காரர்களையே சாப்பிடக் கூடாது என்ற நாகரிகம் தெரிந்த நரி. செவ்வந்தி அவனிடம் ஓடினாள்.

"அண்ணே, பாட்டு நின்னுபோச்சு!"

"காதுல ஓட்டை போட்டா அது வேற காதும்மா. புதுக் காதுக்குப் புதுசா வாங்கணும். பதிய ரெண்டு நாள் ஆகும்" என்றான் நரி, பாயசத்தை உறிஞ்சியபடி.

பக்கத்து இலையில் குயில். செவ்வந்தி அவர் காலைப் பிடித்தாள். "நீங்களே ஒரு தடவை பாடிருங்கண்ணே!"

குயிலுக்கு மனசு இளகிவிட்டது. தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, இலையைப் பாத்துச் சாப்பிடுங்க" என்றான் நரி. "கடைக்கு வெளிய வந்தா அது நகல். நீங்க பாடினாலும் நகல்தான். சம்மதம்னு அழுத்தியிருக்கீங்க."

திறந்த வாயில் குயில் ஒரு வடையை வைத்து அடைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை.

மாமன் பிடியிலிருந்து பவுனு நழுவப் பார்த்த அந்த நேரத்தில், தேக்கு மரத்திலிருந்து தாலாட்டு கேட்டது. அதே குரல், அதே இழைப்பு. குழாய்மேல் உட்கார்ந்து கந்தவேல் பாடிக்கொண்டிருந்தான்.

"டேய்! அது பூட்டு போட்ட பாட்டுடா!" என்று நரி எழுந்தான்.

"பூட்டு போன்லதானே இருக்கு? என் தொண்டையில இல்லையே" என்றவன், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

பவுனு அடங்கினாள். ஆசாரி இரண்டாவது காதையும் குத்தினார். இரண்டு தோடும் ஏறின. செவ்வந்தி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், இப்போது சந்தோஷத்தில்.

கை கழுவிய கையோடு நரி விசாரணையை முடித்தான். கந்தவேல் எதற்கும் 'சம்மதம்' அழுத்தியவன் இல்லை, ஆகவே அவனைப் பிடிக்க விதி இல்லை. செவ்வந்தி அழுத்தியிருந்தாள். பதிவு செய்த காதைச் சேதப்படுத்திய குற்றத்துக்காக அவளைக் கடையிலிருந்து நீக்கினான்.

கூட்டம் கலைந்த பிறகு, ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த கந்தவேலிடம் குயில் தயங்கித் தயங்கி வந்தார்.

"தம்பி, அந்தக் கடைசி சரணத்தை இன்னொரு தடவை பாடேன். வெளிய பாடக் கூடாதுன்னுட்டாங்களா... எனக்கு மறந்துபோச்சு."

நீதி: பாட்டை எப்போதும் முறையாக விலை கொடுத்து வாங்குங்கள். கேட்கவும் ஆசை இருந்தால், திருடனுக்கும் ஒரு பத்திரிகை வைத்துவிடுங்கள்.