எல்லாருக்கும் ருசித்த பெட்டி

ஒகயாமா,
ஜூலை 19

அன்புள்ள தம்பி நவோஹிதோவுக்கு,

மழைக்காலம் முடிந்துவிட்டது. சிள்வண்டுகள் கத்த ஆரம்பித்துவிட்டன. நீ இருக்கும் செண்டாயில் வெயில் இவ்வளவு கொடுமையாக இருக்காது என்று நம்புகிறேன். உன் உடம்பு, வேலை, சாப்பாடு எல்லாம் சீராக இருக்கும் என்றும் நம்புகிறேன். எழுத வேண்டிய மரியாதை இத்துடன் முடிந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலைப் பிடித்து வந்து உன் பாம்பை எடுத்துக்கொண்டு போ.

ஏப்ரலில் உனக்கு இடமாற்றம் வந்தபோது கண்ணாடிப் பெட்டியோடு என் வாசலில் நின்றாய். "மூணே மாசம்க்கா. சாரைப்பாம்புதான், விஷம் கிடையாது. குரைக்காது, வாக்கிங் கூட்டிட்டுப் போக வேணாம். நீயும் தனியாத்தானே இருக்கே, துணையா இருக்கும்" என்றாய். தனியாக இருக்கிற பெண்ணின் வீடு நம் குடும்பத்தில் எல்லார் கண்ணுக்கும் ஒரு காலி அலமாரியாகத் தெரிகிறது. அம்மாவின் தையல் இயந்திரம் வந்தது, பெரியப்பாவின் கோல்ஃப் மட்டைகள் வந்தன, இப்போது உன் இனோகுச்சி வந்திருக்கிறார். உன் பழைய மேனேஜரின் பெயரைப் பாம்புக்கு வைத்தது உனக்கு வேடிக்கை. நான் அல்லவா தினமும் "இனோகுச்சி சார், கொஞ்சம் நகருங்க, தண்ணி மாத்தணும்" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் குவபாரா அம்மாள் அதைக் கேட்டுவிட்டு, மாடிப்படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு புதுச் சிரிப்புச் சிரிக்கிறாள். நீ சொன்னபடியே எல்லாம் செய்கிறேன். பெட்டியின் ஒரு மூலை சூடாக, மறு மூலை குளிர்ச்சியாக. அவருக்கு வெக்கை ஆகாது என்பதால் ஏசி அவர் அறையில் ஓடுகிறது, நான் சமையலறையில் விசிறியோடு உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறேன். மூடியைத் தலையால் முட்டித் திறக்கிறார் என்பதால், நான் எழுதிய புள்ளியியல் பாடநூலின் இரண்டு பிரதிகளை மேலே வைத்திருக்கிறேன். அந்தப் புத்தகம் ஒருவரைக் கட்டிப்போட்டது இதுதான் முதல் முறை. சாப்பாட்டு நாளில் உறைந்த எலியை வெந்நீரில் வைத்து இளக்கி, இடுக்கியில் பிடித்து, உயிரோடு ஓடுவது போல அவர் முன்னால் ஆட்டிக்காட்ட வேண்டும். முனைவர் பட்டம் வாங்கினவள் செத்த எலிக்கு நடிப்புச் சொல்லிக்கொடுக்கிறேன். அப்படியும் சில நாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இந்தக் கட்டடத்தில் எந்தப் பிராணியும் வளர்க்கக் கூடாது. உனக்கும் தெரியும். வீட்டுச் சொந்தக்காரி உதகாவா அம்மாள் கீழ்த்தளத்திலேயே இருக்கிறாள். என் வாடகை ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது, புதுப்பிப்பது அவள் இஷ்டம். ஐம்பதை நெருங்கும் தனிப் பெண் புது வீடு தேடிப் போனால் தரகர், "ஜாமீன் போட யாரு இருக்கா? வீட்டுக்காரர்? பையன்?" என்பார். தம்பி என்று சொன்னால் பேனாவை மூடிவிடுவார். இதையெல்லாம் யோசித்துத்தானாம், குவபாரா அம்மாளின் வாயை அடைக்க ஜூலையில் எல்லாரும் எல்லாருக்கும் அனுப்பும் மரியாதைப் பரிசாக அவளுக்கு ஒரு பெட்டி ஹாம் இறைச்சி, எனக்கு ஒரு பெட்டி எலி என்று ஐஸ் வைத்து ஒரே நாளில் நீ அனுப்பியது. எலிப்பெட்டியைப் பார்த்து கொரியர்காரன் முகம் சுளிக்கக் கூடாதென்று அதற்கும் அதே பெரிய கடையின் தாளைச் சுற்றி, அதே முடிச்சைப் போட்டாய். அதுவரை சாமர்த்தியம்தான். அதற்குப் பிறகு முகவரிச் சீட்டுகளை மாற்றி ஒட்டினாய்.

என் பெட்டியைப் பிரித்தேன், உள்ளே ஹாம். மேலே "என் அக்காவைக் கவனித்துக்கொள்வதற்கு நன்றி" என்று குவபாரா அம்மாளுக்கு உன் கையெழுத்தில் ஓர் அட்டை. அப்படியே அள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் இடுப்பு வளைய வணங்கிவிட்டாள்.

"அடடா டீச்சர், நானே வரணும்னு இருந்தேன்! உங்க தம்பி அனுப்பினது என்ன ருசி, என்ன ருசி! வந்த அன்னிக்கே பிரிச்சு எல்லாரும் சாப்பிட்டுட்டோம்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடலை. வாயில போட்டா கரையுது. எங்க வீட்டுக்காரர் ரெண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்."

"இல்லீங்க, அது... அது மனுஷங்க சாப்பிடற பொருளே இல்லீங்க."

"பாருங்க, உங்க அடக்கம்! கொடுக்கிறதையும் கொடுத்துட்டு இப்படிச் சொல்ல உங்களாலதான் முடியும்" என்று ஒரு முலாம்பழத்தை என் கையில் திணித்து, "இனோகுச்சி சாருக்கும் ஒரு துண்டு கொடுங்க" என்று கதவைச் சாத்தினாள். பின்னால் அவள் புருஷன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். எலி தின்ற முகமாக இல்லை. சரி, பெட்டியைப் பிரிக்கவே இல்லை என்று புரிந்தது. பிரிக்கவில்லை என்றால் எங்கே?

வியாழக்கிழமை புதுப்பிப்புத் தாளை எடுத்துக்கொண்டு உதகாவா அம்மாளிடம் போனேன். வாசலில் கொரியர்காரன் நிற்கிறான், அவள் ஃப்ரீசரிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வருகிறாள். அதே தாள், அதே முடிச்சு, மேலே புதிதாக அவள் பெயர் எழுதின பட்டை. அந்த நேரம் பார்த்துக் குப்பைப் பையோடு படியிறங்கி வந்தாள் குவபாரா அம்மாள்.

"குவபாரா அம்மா, நீங்க கொடுத்ததுக்கு இன்னும் நன்றியே சொல்லலை! அபாரம் போங்க. ஒரு துண்டு மிச்சமில்லை" என்றாள் உதகாவா அம்மாள், பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே.

"ஐயோ, சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லீங்க" என்றாள் குவபாரா அம்மாள், பெட்டியைப் பார்த்துக்கொண்டே.

"டீச்சர், இது எங்க பூ அலங்கார ஆசிரியைக்கு. ரொம்ப நாசூக்கானவங்க, ஏதாவது நல்ல பொருளாத்தான் அனுப்பணும்" என்று உதகாவா அம்மாள் என்னிடம் சொன்னாள். உண்மை தெரிந்த பெண்கள் இந்த ஊரில் ஒரு பெட்டியைச் சுற்றி நின்றால் குனிந்து வணங்குவதைத் தவிர அங்கே வேறெதுவும் நடக்காது. நானும்தான் வணங்கினேன். வண்டி கிளம்பிப் போனது. "உங்க தாள் இருக்கட்டும், ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் முத்திரை போட்டுத் தர்றேன்" என்றாள்.

இப்போது புரிகிறதா? ஆசிரியை பெட்டியைத் திறப்பாள். உதகாவாவைக் கேட்பாள். உதகாவா குவபாராவைக் கேட்பாள். குவபாரா உன் பெயரைச் சொல்லுவாள், அப்புறம் நேரே என் கதவுதான். அவர்கள் வந்து பார்க்கும்போது இங்கே பாம்பு இருக்கக் கூடாது. அதுவும் பட்டினி கிடக்கிறது. ஹாம் துண்டை இடுக்கியில் ஆட்டிக்காட்டினேன். ஒரு தரம் நாக்கை நீட்டிவிட்டு, பாத்திரத்தில் போய்ச் சுருண்டுகொண்டது. தண்ணீர் தரையெல்லாம் வழிந்தது, அதையும் நான்தான் துடைத்தேன். என்னால இதுக்கு மேல ஆகாதுடா. கன்னத்துல போட்டுக்கிட்டு வந்து எடுத்துட்டுப் போ. நீ வராவிட்டால் திங்கட்கிழமை இனோகுச்சியை உன் பழைய அலுவலக விலாசத்துக்கு, உண்மையான இனோகுச்சி கையெழுத்துப் போட்டு வாங்கும்படி அனுப்புவேன்.

வெயிலில் அலையாதே. நேரத்துக்குச் சாப்பிடு. உன்னைப் பெற்றவர்களின் ஆசி உனக்கு உண்டு. என்னுடையதை ஞாயிறன்று நேரில் பார்த்த பிறகு முடிவு செய்கிறேன்.

உன் அக்கா,
சிஹாரு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உதகாவா அம்மாள் மேலே வந்துவிட்டாள். இனோகுச்சியின் அறையைச் சாத்திவிட்டு வாசல் கதவைத் திறந்தேன். ஆசிரியை தொலைபேசியில் பேசினாளாம். "டீச்சர், அவங்க வாழ்நாள்ல இப்படி ஒரு பரிசு வந்ததே இல்லையாம்! எல்லாம் ஒரே அளவாம், அடுக்கியிருந்த அழகைப் பார்த்து அவங்களுக்கு மூச்சே நின்னுடுச்சாம். வீட்ல எல்லாரும் ஓடி வந்து பார்த்தாங்களாம்." சாப்பிட்டார்களாமா என்று கேட்டேன். "கண்ணாலயே வயிறு நிறைஞ்சிடுச்சாம்!" இப்பேர்ப்பட்ட பொருள் எங்கே கிடைக்கும் என்று குவபாராவைக் குடைந்து உன் பெயரைக் கறந்திருக்கிறாள். அங்கேயே என் தாளில் முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டாள். டிசம்பர் மரியாதைப் பரிசாகத் தன் உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அதையே அனுப்பப் போகிறாளாம். ஆகவே நீ வராதே. இனோகுச்சிக்கு இன்று காலையிலிருந்து கண் வெளுத்திருக்கிறது, சட்டை உரிக்கப் போகிறார், இந்த நேரத்தில் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. உரித்த பிறகு பசி எடுக்கும், தின்ற பிறகு அசைக்கக் கூடாது, அதற்குள் குளிர் வந்துவிடும். எனக்கு ஒரு பெட்டி எலி அனுப்பு, முகவரியை இரண்டு தரம் படித்து ஒட்டு. கடை விவரம் கேட்க உதகாவா அம்மாளுக்கு உன் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடுவாள். நீ வீட்டில்தான் இருப்பாய் என்று சொல்லிவிட்டேன்.