கழலாத முகமூடி

"இன்னும் கொஞ்சம் குனிங்க சார்" என்றார் சமையல்காரர்.

ராணுவ முகாமின் பாதுகாப்பு அதிகாரி குனிந்தார். இதற்கு மேல் குனிந்தால் அடுப்பு மேடையில் தலை இடிக்கும். அவர் முகத்தில் விஷவாயு முகமூடி. கண்ணுக்கு இரண்டு வட்டக் கண்ணாடி, மூக்குக்குக் கீழே ஒரு டப்பா. பின்மண்டையில் இருந்த பக்கிள்தான் கழல மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தது.

காலையில் சிப்பாய்களுக்குப் பாடம் எடுத்தார். "மாட்டுறதும் ஒரு நொடி, கழட்டுறதும் ஒரு நொடி, பாருங்க" என்றார். மாட்டுகிற வரைக்கும் பாடம் ஒழுங்காகத்தான் போயிற்று. கழற்றுகிற பாடம் நாளைக்கு என்று கையால் சைகை காட்டிவிட்டு, நேரே சமையலறைக்கு ஓடி வந்துவிட்டார்.

முகாமில் அவருக்கு 'ஜாக்கிரதை சார்' என்று பெயர். தரை ஈரமாக இருந்தால் ஜாக்கிரதை, ஏணி ஆடினால் ஜாக்கிரதை, கஞ்சி கொதித்தால் ஜாக்கிரதை. கல்யாணம் நிச்சயமான ஒரு சிப்பாயைக்கூட அதே வார்த்தை சொல்லித்தான் வாழ்த்தினார். இந்த ஜாக்கிரதையினால் முகாமில் ஆண்டுக்கணக்காக ஒரு விபத்து இல்லை, ஒரு காய்ச்சல் பரவவில்லை. அதுவே அவருக்கு வினையாகிவிட்டது. புதிதாகப் பதவிக்கு வந்த தளபதி, "ஒண்ணுமே நடக்காத இடத்துல பாதுகாப்பு அதிகாரி எதுக்கு?" என்று கேட்டாராம். நேரில் வந்து பார்த்து, அந்த வேலையை வைப்பதா எடுப்பதா என்று இன்றைக்கு முடிவு செய்யப்போகிறார்.

வேலை போனால் மச்சானின் பாத்திரக்கடை. மச்சான் நல்ல மனிதர்தான். ஆனால் வாடிக்கையாளர் முன்னாலேயே, "மாப்ள, அந்த அண்டாவ எடுத்துட்டு வா" என்று கூப்பிடுவார்.

"எண்ணெய் விட்டா வழுக்கிட்டு வந்துரும் சார்" என்ற சமையல்காரர் அரைக் கரண்டி எண்ணெயைப் பக்கிளில் ஊற்றினார். பக்கிள் அசையவில்லை. எண்ணெய் மட்டும் காதோரமாக வழிந்து கண்ணாடியில் பரவியது. அடுப்புத் துணியால் துடைத்தார். கரியும் சேர்ந்துகொண்டது. கடைசியில் டப்பாவைப் பிடித்து இழுத்தார். தலையும் கூடவே வந்தது.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு? வாயில என்ன வச்சிருக்கீங்க?"

"ம்ம்... ஒண்ணுமில்ல."

"தளபதிகிட்டயும் இப்படி முழுங்கி முழுங்கிப் பேசிக்கிட்டு நிக்காதீங்க. எதுக்கும் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கேன். சாயங்காலம் வந்து கடையப் பாத்துட்டுப் போகச் சொன்னாரு."

போனை வைத்ததும் ஜாக்கிரதை சாருக்கு ஒரு யோசனை உதித்தது. ஆபத்தில் உதிக்கும் யோசனைகளைப் பற்றிச் சிப்பாய்களை அவரே எச்சரித்திருக்கிறார். தனக்கு வந்தபோது மறந்துவிட்டார்.

"எல்லாரும் மாட்டிக்கிட்டா என்னைய யாருய்யா தனியாப் பாக்கப்போறா?"

"அட, ஆமா சார்" என்றார் சமையல்காரர். கரண்டியை வைத்துவிட்டுத் தன் முகமூடியைத் தேடப் போனார்.

ஒலிபெருக்கியில் உத்தரவு போயிற்று. எல்லோரும் உடனே முகமூடி அணிய வேண்டும். அவ்வளவுதான். வேறு எங்கேயாவது இருந்தால் நாலு பேர் ஏன் என்று கேட்டிருப்பார்கள், இவரும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். ராணுவத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காததால் அவரவர் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். வண்டிக் கொட்டகையில் விஷவாயு என்றார்கள். துணி வெளுக்கும் இடத்தில் எலிக்காய்ச்சல் என்றார்கள். பீரங்கிக்காரர்கள் போரே வந்துவிட்டது என்று வீட்டுக்குப் போன் போட்டு அழுதார்கள்.

முகமும் தெரியாமல், முகமூடியோடு சேர்ந்த அங்கி மூடியதில் தோளில் இருக்கும் பதவிப் பட்டையும் தெரியாமல் போனதால், யார் பெரியவர், யார் சின்னவர் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. எதற்கு வம்பு என்று எல்லோரும் எல்லோருக்கும் சல்யூட் அடித்தார்கள். முகாம் தலைவர் முடிவெட்டுகிறவருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். வாழ்க்கையில் முதல் சல்யூட்டை வாங்கிய அந்த மனிதர் விடாமல் திருப்பி அடித்துக்கொண்டே இருந்தார்.

நர்ஸம்மா ஓடி வந்தார். அவரும் முகமூடியில்தான் இருந்தார். நடையை வைத்து ஜாக்கிரதை சார் கண்டுகொண்டார்.

"சார், நீங்க எழுதின விதிப்படி எல்லாம் செஞ்சாச்சு."

"எந்த விதி?"

"முகாமே முகமூடி போட்டுட்டா, வெளிய இருந்து வெறும் மூஞ்சியோட வர்றவங்களத் தனி அறையில வச்சு மருந்துத் தண்ணியில குளிப்பாட்டணும்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க?"

ஜாக்கிரதை சார் எழுதிய விதிகளை ஒரு ஜீவன் படித்திருக்கிறது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கண்ணாடியின் உள்பக்கமும் மங்கிவிட்டது.

"வாசல்ல ஒருத்தர் சிக்கிட்டாரு சார். பனியன், அரை டவுசர், சைக்கிள். முகமூடியக் குடுத்தா போட்டுக்க மாட்டேங்கறாரு. நான் யாருன்னு தெரியுமான்னு எகிறுறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"குளிச்சிட்டு வந்து சொல்லுங்கன்னு சொன்னேன்."

"சரியாச் சொன்னீங்க. இன்னிக்குப் பாத்துத்தான் இவனுங்களுக்கு வம்பு பண்ணத் தோணும். தளபதி கிளம்புற வரைக்கும் வெளிய விடாதீங்க. இன்னும் ரெண்டு தடவை குளிப்பாட்டுங்க."

நர்ஸம்மா போன சூட்டோடு காவல்காரர் வந்தார். "சார், தார்ப்பாய் போட்ட பெரிய வண்டி ஒண்ணு வந்திருக்கு. இறங்கினவருக்கு வாசல்லயே முகமூடி மாட்டி விட்டுட்டோம். தனியா நிக்கிறாரு."

ஜாக்கிரதை சார் தட்டுத்தடுமாறி ஓடினார். எண்ணெயும் கரியும் கண்ணீரும் தாண்டி அவருக்குத் தெரிந்தது ஒரு பெரிய உருவம். அகலமான தோள், அசையாத நிமிர்வு. ஒரு சல்யூட் வைத்தார். உருவம் ஒரு நொடி தயங்கிவிட்டுத் திருப்பி வைத்தது.

சுற்றிக் காட்டத் தொடங்கினார். கழிப்பறை, கொசுவலை, தீயணைக்கும் மணல் வாளிகள் எல்லாவற்றையும் காட்டினார். வந்தவர் தலையாட்டினார். மணல் வாளியைத் தூக்கி எடை பார்த்தார். படிக்கட்டை மிதித்து, தாங்குமா என்று பார்த்தார். சேமிப்பறைக்கு வந்ததும்தான் அவருக்கு உற்சாகமே வந்தது. கதவின் அகலத்தைக் கையால் அளந்தார், மூலையில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். இப்படி ஒரு நுணுக்கமான தளபதியா என்று ஜாக்கிரதை சார் உருகிப்போனார்.

உருகியதில் மனசைத் திறந்துவிட்டார்.

"ஐயா, உங்ககிட்ட மறைக்க விரும்பல. நோயும் இல்ல, வாயுவும் இல்ல. என் முகமூடி கழலலைங்கய்யா, அதுக்குத்தான் இத்தனை கூத்தும். ஆனா ஒண்ணு சொல்றேன். இங்க ஒண்ணுமே நடக்கலங்கறதுதான் என் வேலைங்கய்யா. ஒருத்தன் கை போனாத்தான் என்னைய எல்லாருக்கும் தெரியும். போகாம பாத்துக்கிட்டேன், அதனால ஒருத்தருக்கும் தெரியல. என்னைய மச்சான் கடைக்கு அனுப்பிடாதீங்க."

வந்தவர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். பிறகு அவரைத் திருப்பி நிறுத்தி, தடித்த விரல் ஒன்றைப் பக்கிளுக்குள் விட்டு, சாக்குக் கயிற்றை அவிழ்ப்பது போல ஒரு சுண்டு சுண்டினார். முகமூடி கையோடு வந்தது. ஜாக்கிரதை சார் காலையிலிருந்து முதல் முறையாக நன்றாக மூச்சு விட்டார். அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வந்தவரும் தன் முகமூடியைக் கழற்றி, தோளில் கிடந்த துண்டால் வியர்வையைத் துடைத்தார்.

"அப்ப என் வேலை இருக்குதானேங்கய்யா?" என்றார் ஜாக்கிரதை சார்.

"அது எனக்கு எப்படி சார் தெரியும்? வெங்காய மூட்டைய எங்க எறக்கணும்னு வாசல்ல சைக்கிள்ல வந்த, நான் வீட்டுக்குக் காய் போடுற தளபதி ஐயாகிட்டதான் கேட்டேன், அவரு வாயத் தொறக்குறதுக்குள்ள குளிப்பாட்டத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."