தலைவர் வேட்பாளராக நான் நின்ற கதை

எல்லோருக்கும் பிடித்த ஆளைத் தலைவர் பதவிக்கு நிறுத்துவது வேறு. யாருக்கும் பிடிக்காமல் போகாத ஆளை நிறுத்துவது வேறு. எங்கள் ஆபீஸ் ஊழியர் சங்கத் தேர்தலில் என்னை நிறுத்தியபோது இது எனக்குத் தெரியாது.

எங்கள் அணியில் பெரிய தலைகள் இரண்டு: சசிதரன் சார், பாலன் சார். இருவரும் ஒன்றாக வந்து என் மேஜைமுன் நின்றார்கள். (ஒன்றாக டீ குடித்துக்கூடப் பார்த்ததில்லை.)

"பிரசிடென்ட் ஸ்தானத்துக்கு நம்ம ஆள் சார்தான்," என்றார் சசிதரன்.

வலியசாலை வரை மிதந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். மனைவி கோமதி கேட்டாள்: "அது சரி, உங்களைப் போய் எதுக்கு நிறுத்தறா?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் சசிதரனிடம் கேட்டேன். "சாருக்கு சத்ருக்களே இல்லல்லோ," என்றார் தம் மலையாளத் தமிழில். பாலனிடம் கேட்டேன். தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். கடைசியில் எதிரணி வேட்பாளர் லீலா மேடத்திடமே போய்க் கேட்டேன். (எந்த வேட்பாளரும் செய்யாத காரியம்.)

அவர் சிரிக்காமல் சொன்னார்: "சாரே, சசிதரன் நின்னா பாலனோட ஆளுக தோற்பிக்கும். பாலன் நின்னா சசிதரனோட ஆளுக தோற்பிக்கும். எப்படியும் நான் ஜயிக்கும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். சார் தோத்தா ஆர்க்கும் ஒரு நஷ்டமும் இல்லல்லோ!"

வலித்தது. ஆனாலும் என்னிடம் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான். தோற்பதென்று ஆனபின் எனக்கே ஓட்டுப் போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. லீலா மேடத்துக்கே போட்டுவிட்டு வந்தேன்.

எண்ணிக்கை முடிந்தது. ஒரே ஓட்டில் தோற்றிருந்தேன்.

சசிதரனின் ஆட்களும் பாலனின் ஆட்களும், எதிர்க்கக் காரணம் கிடைக்காமல், மொத்தமாக எனக்கே போட்டிருக்கிறார்கள்! "சதிச்சது நின்றெ ஆளு, உன் ஆளு!" என்று சசிதரன் கத்த, "நின்றெ ஆளாணு!" என்று பாலன் பாய, நடுவில் மாலையில்லாத கழுத்தோடு நான் நின்றேன். லீலா மேடம் மட்டும் என்னையே உற்றுப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் கோமதி கேட்டாள், "யாராம் அந்தத் துரோகி?" சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பொன்முடி மலைக்குப் போவதா, விழிஞ்ஞம் கடற்கரைக்குப் போவதா என்று வீட்டில் கை தூக்கச் சொன்னார்கள். மலைக்குப் போகலாம் என்று சொல்லியிருந்த நான் கையைத் தூக்குமுன் என் மகள் சொன்னாள்:

"அப்பா, இந்தத் தடவையாவது உங்க கட்சிக்கே போடுங்கோ!"