ரகுநாதனின் ரகசிய லீவு

இந்த வசந்தத்தில் ஒரு வாரமாவது சும்மா இருந்தே தீருவது என்று ரகுநாதன் முடிவெடுத்தார்.

காரணம் இருந்தது. உகாதி நெருங்கினால் ஏ.எஸ்.ராவ் நகரில் அவர் வீடு போர்க்கோலம் பூண்டுவிடும். மனைவி கிரிஜா பரணை ஒழிப்பாள், திரைகளைத் துவைக்கப் போடுவாள், கூலரைக் கழுவச் சொல்வாள், வடாம் பிழிவாள். லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தால் அதற்குப் பெயர் லீவு இல்லை, ஓவர்டைம். ஆகவே லீவு போட்டதையே அவர் வீட்டில் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போல எட்டு மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பினார். பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, நாலு தெரு சுற்றி, காலனிப் பூங்காவுக்குள் நுழைந்தார். வேப்பமரம் பூத்திருந்தது. அடியில் ஒரு பெஞ்ச். முதல் நாள் பேப்பர் படித்தார். இரண்டாம் நாள் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார். வீடு திரும்பும்முன் சட்டையில் உதிர்ந்த வேப்பம்பூவை மறக்காமல் தட்டிவிட்டார்.

புதன்கிழமை பதினொரு மணிக்குக் கண் விழித்தால், எதிர்ப் பெஞ்சில் கிரிஜா. செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி, வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ரகுநாதன் மரத்தின் பின்னால் ஒதுங்கி அவளுக்குப் போன் போட்டார்.

"என்ன பண்றே?"

"கேக்காதீங்க. பரண் மேல நிக்கிறேன். உக்காரக்கூட நேரமில்லை."

இருபத்தாறு வருஷத்தில் அவருக்கு இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்ததில்லை. மெதுவாக நடந்து போய் அவள் முன்னால் நின்றார்.

"பரண்ல நல்லா காத்து வருதே."

கிரிஜா பதறவில்லை. "உங்க ஆபீஸ்லயும்தான். மூணு நாளா பாக்கறேன், நல்ல மரமா பாத்துப் புடிச்சிருக்கீங்க."

"பாத்துமா எழுப்பலே?"

"பேப்பர் நழுவினதுகூடத் தெரியாம வாயைத் திறந்துகிட்டுத் தூங்கினீங்க. பாவமா இருந்தது."

ரகுநாதன் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ எப்பலேர்ந்து இங்கே வரே?"

"ரெண்டு வருஷமா. வீட்டில உக்காந்தா குக்கர் கூப்பிடும், வாஷிங் மெஷின் கூப்பிடும், நீங்க கூப்பிடுவீங்க. இங்கே யாரும் கூப்பிடறதில்லே."

குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். ரகுநாதன் டிபன் பாக்ஸைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். காலையில் அவளே கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதம். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

"லீவு இன்னும் எத்தனை நாள்?" என்றாள் கிரிஜா.

"ரெண்டு."

"ஆளுக்கு ஒண்ணு. நாளைக்கு நீங்க வீடு, நான் பெஞ்ச். வெள்ளிக்கிழமை நான் வீடு, நீங்க பெஞ்ச்."

நியாயமாகத்தான் பட்டது. ஒளியாமல், பயப்படாமல், மனைவியின் சம்மதத்தோடு ஒரு முழு நாள் ஓய்வு. வியாழக்கிழமை ரகுநாதன் மனப்பூர்வமாக உழைத்தார். பரணை ஒழித்தார். கூலரைக் கழுவினார். அவள் கிளறி வைத்துவிட்டுப் போன கூழை மொட்டை மாடியில் வடாமாகப் பிழிந்து, கையில் கழியோடு குரங்குகளை விரட்டினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தாலும் மனசு பெஞ்சில்தான் இருந்தது.

வெள்ளி காலை வாசலில் கிரிஜா டிபன் பாக்ஸைக் கொடுத்தாள். கூடவே இரண்டு பெரிய தட்டுகளையும்.

"இது என்ன?"

"வடாம். இன்னும் ஒரு வெயில் காயணும். மாடியில ஆள் இல்லாம விட்டா குரங்கு விடாது. நீங்க பூங்காவில சும்மாதானே உக்காரப் போறீங்க? பக்கத்துல விரிச்சு வைங்க. காக்காயை மட்டும் பாத்துக்குங்க."

"நக்கோ கிரிஜா, வேண்டாம். இன்னிக்கு எனக்கு ஓய்வு."

"உங்களுக்கு ஓய்வுதான். வேலை வெயிலுக்குத்தானே."

தட்டுகளோடு கிளம்பினார். பத்து மணிக்கு ரகுநாதன் வேப்பமர நிழலை விட்டு, வெயில் விழுகிற பெஞ்சுக்கு மாறினார். வடாமைப் பரப்பி, பேப்பரை வீசி வீசிக் காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போது கீழ் வீட்டு உஷா ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு நேராக அவரிடம் வந்தாள். வடாமுக்குப் பக்கத்தில் துணியை விரித்து, சிவப்பு மிளகாயைக் கொட்டிப் பரப்பினாள்.

"கிரிஜா அக்கா சொன்னாங்க சார், இங்கே காவலுக்கு ஆள் இருக்குன்னு. சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்."