ஹரிதம் வில்லாஸுக்கு ஒரு பிரசிடென்ட்

"கருப்புசாமி நிக்கப் போறாராம். பிரசிடென்ட் எலக்‌ஷனுக்கு. ஒங்களுக்கு எதிராக்கும்."

திங்கள்கிழமை மத்தியானம் சேஷம்மாள் இதைச் சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள். முத்துசுவாமி கையைச் சாதத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அவருக்கு என்ன தெரியும் சங்கத்தைப் பத்தி?"

"எனக்கென்ன தெரியும்? கேட்டதைச் சொன்னேன்."

நல்லேப்பிள்ளியில் நெல் விளைந்த இடத்தில் இப்போது நாற்பது வில்லாக்கள் விளைந்திருக்கின்றன. பெயர் ஹரிதம் வில்லாஸ். அங்கே பச்சையாக இருப்பது பெயர்ப்பலகை மட்டும். அதன் உடமஸ்தர் சங்கத்துக்கு, அதாவது வீட்டுச் சொந்தக்காரர்களின் சங்கத்துக்கு, ஆறு வருஷமாக முத்துசுவாமிதான் பிரசிடென்ட். ஒவ்வொரு தடவையும் போட்டியே இல்லாமல் ஜெயித்தார். தேர்தல் தேதியைத் தேர்தல் முடிந்த மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது அவருடைய வழக்கம்.

இந்தத் தடவை அது நடக்கவில்லை. பொதுக்குழுவில் நாலு பேர் சத்தம் போட்டு, ஓய்வு பெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ் ரோசி டீச்சரை வரணாதிகாரி ஆக்கிவிட்டார்கள். டீச்சர், தேர்தலை நடத்துகிற அதிகாரி என்ற முறையில், தேதியை முன்கூட்டியே ஒட்டிவிட்டார். சனிக்கிழமை நாலு மணி வரை மனுக் கொடுக்கலாம், ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. என்ன அநியாயம்!

முத்துசுவாமியின் வாசலில் 'முத்துசுவாமி, பிரசிடென்ட்' என்று ஒரு பித்தளைப் பலகை உண்டு. ரிட்டையர் ஆன மனிதருக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதைக் கழற்றிவிட்டால் தன்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று அவர் நிஜமாகவே பயந்தார்.

எட்டாம் நம்பர் கருப்புசாமி இந்த நிலத்தையே விற்றவர். விற்ற நிலத்தில் ஒரு வில்லாவையும் வாங்கிக் குடியிருந்தார். வெளிநாட்டில் இருக்கும் உடமஸ்தர்களிடம் அவர் 'என் ஓட்டை இவர் போடலாம்' என்று கடிதம் வாங்குவதாக ஒரு பேச்சு வந்தது. அன்று சாயங்காலமே முத்துசுவாமி ஒரு சர்க்குலர் போட்டார். இனிமேல் ஒருத்தர் கையில் ஒரே ஒரு கடிதம்தான் செல்லும்.

மறுநாள் கருப்புசாமி கேட் பக்கம் எதிர்ப்பட்டார்.

"ஏனுங்க சார், உங்க சர்க்குலரைப் பாத்தனுங்க. எங்கிட்ட இருக்கறதே ஒண்ணுதானுங்க. எம் பையன் கோகுல்நாத்து துபாயிலிருந்து அனுப்பிச்சது. அது செல்லுமுங்களா?"

செல்லும். முத்துசுவாமியின் மேசை டிராயரில், ஆறு வருஷத்துக்கு முன்னால் தேதி போடாமல் கையெழுத்து வாங்கிப் பூட்டிவைத்த பதினோரு கடிதங்கள் இருந்தன. அவற்றில் பத்துதான் செல்லாது.

போன பத்து ஓட்டை எப்படியாவது ஈடுகட்ட வேண்டுமே! புதன்கிழமை அவர் இருபத்திரண்டாம் நம்பர் அமர்நாத்தைப் பிடித்தார். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன். எதிரே வந்தால் தலையாட்டுவான், அவ்வளவுதான் பழக்கம்.

"அமர்நாத், நீயும் சும்மா ஒரு மனுக் குடு. ஜெயிக்கல்லாம் வேண்டாம். சின்ன வயசுக்காராளோட ஓட்டு கருப்புசாமிக்குப் போகாம ஒங்கிட்ட வந்து பிரியும். மனசிலாச்சா?"

"சரி அங்கிள்."

ஓட்டு பிரிந்தது. வியாழக்கிழமை அமர்நாத் காலனியின் வாட்ஸ்அப் குழுவில், தண்ணீர் மோட்டர் தினமும் இரண்டு வேளை ஓடும் என்று ஒரு வாக்குறுதியைப் போட்டான். முத்துசுவாமியின் ஆட்சியில் மோட்டர் விடியற்காலை ஐந்திலிருந்து ஆறு வரை மட்டும்தான் ஓடும். சேஷம்மாளே இதைப் பற்றிப் பொதுக்குழுவில் மூன்று தடவை கை தூக்கியிருக்கிறாள். மூன்று தடவையும், 'அஜெண்டாவில் இல்லை, உட்காரு' என்றுவிட்டார் பிரசிடென்ட்.

வாக்குறுதியோடு நிற்காமல், யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்றும் அந்தப் பையன் குழுவில் கேட்டு வைத்தான். அமர்நாத்துக்கு இருபத்தொன்று. கருப்புசாமிக்கு ஆறு. முத்துசுவாமிக்கு இரண்டு. அந்த இரண்டில் ஒன்று அவரே போட்டது.

வெள்ளிக்கிழமை அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"கருப்புசாமி இருக்கற எட்டாம் நம்பர் ஆம் அவர் பேர்லயே இல்லை, கேட்டேளா?" என்றாள் சேஷம்மாள், வாழைக்காயை நறுக்கிக்கொண்டே. "அவர் பெண்டாட்டி பூவாத்தாள் பேர்லயாக்கும். அவளே சொன்னா."

முத்துசுவாமி துள்ளி எழுந்தார். "நிஜமாவா?"

"பொய் சொல்லி எனக்கென்ன ஆகணும்?"

அரை மணி நேரத்தில் அடுத்த சர்க்குலர் தயார். பத்திரத்தில் பேர் இருப்பவர்தான் உடமஸ்தர். அவர்தான் நிற்கலாம், அவர்தான் ஓட்டுப் போடலாம். புருஷன், பெண்டாட்டி, பிள்ளை யாரும் கூடாது. மனுவோடு பத்திரத்தின் நகலை இணைக்க வேண்டும். அமர்நாத்தும் எப்படியும் வாடகைக்குத்தான் இருப்பான், இரண்டு பேரும் ஒரே தாளில் ஒழிந்தார்கள் என்று அவர் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கம்யூனிட்டி ஹாலில் ரோசி டீச்சர் மனுக்களை வாங்கிக்கொண்டிருந்தார். கருப்புசாமியின் மனுவைப் பத்திரத்தோடு ஒத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"சட்டம்னாச் சட்டந்தானுங்க டீச்சர்," என்று கருப்புசாமி சிரித்துக்கொண்டே போய்விட்டார். தோற்ற மனிதருக்கு இவ்வளவு சிரிப்பு எதற்கு என்று முத்துசுவாமி யோசிக்கவில்லை.

அமர்நாத்தின் பத்திரம் அமர்நாத்தின் பேரிலேயே இருந்தது. லோன் போட்டு வாங்கியிருந்தான். மனு செல்லும்.

முத்துசுவாமி தன்னுடைய கவரைக் கம்பீரமாக நீட்டினார். பீரோவிலிருந்து எடுத்த நகலை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சொந்த வீட்டுப் பத்திரத்தை யாராவது படித்துப் பார்ப்பார்களா?

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "சாரே, இதுல உடமஸ்தர் சேஷம்மாள்னுல்லோ இருக்கு?"

வீடு வாங்கும்போது கல்பாத்தி ஜோசியர், 'உமக்கு மனை யோகம் கிடையாது, ஆத்துக்காரி பேரில் வாங்கும்' என்று சொன்னது முத்துசுவாமிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. யோகம் இல்லாத வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவர் ஆறு வருஷம் நாற்பது வீடுகளை ஆண்டிருக்கிறார்.

அவர் கணக்குப்படி போட்டியில் இப்போது அமர்நாத் ஒருத்தன்தான் மிச்சம். மணி மூன்றரை. முத்துசுவாமி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

"சேஷம், இதுல ஒரு கையெழுத்துப் போடு. நீ நிக்கறே."

"நானா? எனக்கு மீட்டிங்ல பேசவே தெரியாதேன்னா. நீங்கதானே சொல்லுவேள்."

"நீ பேசவே வேண்டாம். பேருக்கு நின்னாப் போறும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். எந்த இடத்தில் போட வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தபோது முத்துசுவாமி மூச்சிரைக்க டீச்சர் முன்னால் நின்றார். டீச்சர் தாளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"சாரே, ஒரு காரியம் பறையட்டே. சேஷம்மாளோட..."

"காரியமெல்லாம் அப்புறம் டீச்சர்! மணி ஆச்சு. வாங்கி வைங்கோ!"

டீச்சர் அதற்குமேல் பேசாமல் வாங்கி வைத்தார்.

அன்று சாயங்காலம் ஹரிதம் வில்லாஸ் ஓர் அதிசயத்தைக் கண்டது. முத்துசுவாமி வீடு வீடாகப் போய்க் கை கூப்பினார். ஆறு வருஷத்தில் அந்தக் கைகள் கூப்பி யாரும் பார்த்ததில்லை. "என் ஆத்துக்காரி மாதிரி பொறுப்பான மனுஷி இந்தக் காலனியில கிடையாது. நான் செஞ்ச நல்லதெல்லாம் அவ மூளையாக்கும்," என்று கூசாமல் சொன்னார். அதில் உண்மை இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு ஒரு நொடிகூட வரவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் அதை உடனே ஒப்புக்கொண்டதுதான் அவருக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

"எங்க ஊட்டு ஓட்டு அம்மாளுக்குத்தானுங்க. கவலைப்படாமப் போங்க," என்றாள் பூவாத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டுச்சீட்டுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டார்கள். முத்துசுவாமிக்கு ஓட்டு இல்லை. அவருடைய சர்க்குலர்படி அவர் கதவுக்கு வெளியே நின்றார். வாட்ச்மேன் சுடலைமணி டின்னைக் கவிழ்க்க, டீச்சர் எண்ணினார். சேஷம்மாளுக்கு இருபத்தெட்டு. அமர்நாத்துக்கு ஏழு. ஒரு சீட்டில் 'தண்ணி எப்ப வரும்?' என்று மட்டும் எழுதியிருந்ததால் அது செல்லவில்லை.

முத்துசுவாமிக்குக் கண் கலங்கிவிட்டது. பித்தளைப் பலகை பிழைத்தது, பேரை மட்டும் மாற்றினால் போதும். அவர் நேரே மேடைக்குப் போய்த் தலைவர் நாற்காலியை இழுத்தார். அதில் சேஷம்மாள் உட்கார்ந்திருந்தாள். கையில் நாலு பக்கத்துக்குச் சுத்தமாக எழுதிய அஜெண்டா வேறு.

"இது யார் எழுதிக் குடுத்தா?"

"செத்த அந்தப் பெஞ்சுல உட்காருங்கோ. கூட்டம் நடக்கறது."

அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினார். "பாருங்கோ, ஒரு நாள் பதவிக்கே என்ன மிடுக்கு! நேத்து நான் அந்த மனுவைத் தூக்கிண்டு ஓடி வரலேன்னா இவ இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்க முடியுமோ?"

டின்னை மூடிக்கொண்டிருந்த சுடலைமணி நிமிர்ந்தான்.

"அது ரெண்டாவது மனு சார், வேண்டாம்னு டீச்சர் அப்பவே ஓரமாப் போட்டுட்டாக. கருப்புசாமி ஐயா முன்மொழிஞ்சு, பத்திரத்தையும் சேர்த்து, அம்மாதான் திங்கக்கிழமை காலையிலயே மனுக் குடுத்துட்டாகளே!"