கார்னர் ராஜவேலு யோசிக்கிறார்

மனிதர்களில் சரி என்று சொல்பவர்கள் ஒரு வகை, முடியாது என்று சொல்பவர்கள் ஒரு வகை. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன். 'யோசித்துக்கொண்டிருப்பவர்' என்று அதற்குப் பெயர். கட்சி ஆபீசில், குடியிருப்போர் சங்கத்தில், பெண் பார்க்கப் போன இடத்தில் என்று எங்கேயாவது நீங்கள் இவரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பொறுப்பை இவர் பக்கம் நகர்த்திப் பாருங்கள். வாங்கிக்கொள்ளவும் மாட்டார், திருப்பிக் கொடுக்கவும் மாட்டார், மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருப்பார். இந்த வகையில் கண்காட்சிக்கு வைக்கத் தகுந்த உருப்படி, ஓய்வு பெற்ற விளையாட்டு நட்சத்திரம். அதிலும் கால்பந்து நட்சத்திரம். அதிலும் எங்கள் திருத்தணி கார்னர் ராஜவேலு.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அரக்கோணத்தில் ஓர் இறுதி ஆட்டம். கடைசி நிமிடத்தில் கார்னரிலிருந்து ராஜவேலு இடது காலால் அடித்த பந்து, ஒருத்தர் தலையிலும் படாமல், வளைந்து போய் நேராக வலைக்குள் விழுந்தது. இது உண்மை. பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்றைக்குக் கொஞ்சம் காற்று அடித்ததாம். வருஷம் ஏற ஏற அந்தக் காற்று எதிர்க்காற்றாகி, அப்புறம் புயலாகி, போன ஆடிக் கிருத்திகைக்கு டீக்கடையில் அவர் சொன்னபோது கூடவே மழையும் சேர்ந்துகொண்டது. இருக்கட்டுமே! சென்னை லீகில் பதினாலு வருஷம் ஆடி, விளையாட்டு கோட்டாவில் வேலை வாங்கி, முழங்கால் போனதும் விருப்ப ஓய்வு வாங்கி ஊர் திரும்பிய மனிதர் இதைக்கூடச் சொல்லிக்கொள்ளக் கூடாதா?

எங்கள் ஊர் கால்பந்து கிளப்புக்கு மேனேஜர் இல்லாமல் போனதில்தான் ஆரம்பித்தது வினை. இருந்தவர் திருப்பதியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஆறு வருஷமாக மாவட்டப் போட்டியில் முதல் சுற்றோடு பெட்டி கட்டும் கிளப் அது. பையன்கள் ஒவ்வொருவராகக் கிரிக்கெட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். கிளப் செயலாளர் தமிழ்செல்வி, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், சொன்னால் சொன்னதுதான் என்கிற ரகம். இந்த வருஷமும் முதல் சுற்றிலேயே தோற்றால் கிளப்பை மூடிவிடுவது, கோல் கம்பங்களைப் பிடுங்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவது என்று கூட்டம் போட்டுத் தீர்மானித்துவிட்டு, நேராக ராஜவேலு வீட்டுக்குப் போனார்.

"அண்ணா, நீங்கதான் மேனேஜரா வரணும்."

ராஜவேலு மோவாயில் கை வைத்தார். "தமிழு, இது சாதாரண விஷயம் இல்லமா. யோசிக்கணும்."

"எத்தினி நாளுண்ணா?"

"யோசிச்சுகினுதாம்மா இருக்கேன். நீ கேக்கறதுக்கு மின்னாலருந்தே யோசிச்சுகினு இருக்கேன்."

இந்த வகையினரின் யோசனை நம் யோசனை மாதிரி தலைக்குள் நடப்பதல்ல, ஊர் முழுக்க நடப்பது. முழு அதிகாரம் வேண்டும் என்பார், கொடுத்தோம் என்றால், அவ்வளவு அதிகாரம் ஒரே ஆளிடம் இருப்பது நல்லதா என்று கவலைப்படுவார், ஒத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவரிடம் அதிலுள்ள கஷ்டங்களை ஒன்று விடாமல் சொல்லுவார், வேண்டாம் விடுங்கள் என்று சொன்னவரிடம் "அப்போ என்னால முடியாதுன்றியா?" என்று சண்டைக்குப் போவார், செவ்வாய்க்கிழமை மலைக்கோயிலின் முந்நூற்றறுபத்தைந்து படியையும் அந்த முழங்காலோடு படிக்கு ஒரு யோசனையாக ஏறி, அத்தனையையும் பத்திரமாகக் கீழே இறக்கிக்கொண்டும் வந்துவிடுவார். கடைசியில் பூக்கட்டிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. அந்த ஒரு முடிவை மட்டும் அவர் சீக்கிரம் எடுத்தார்.

மலையடிவாரத்தில் பூ விற்கும் அன்னம்மாளிடம், வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் மடித்துக் கட்டச் சொல்லி, முருகனை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு அந்த அம்மாளையே எடுக்கவும் சொன்னார். வெள்ளை வந்தால் மேனேஜர். வெள்ளைதான் வந்தது. நீங்களும் நானும் என்றால் கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம். ராஜவேலு கால்பந்துக்காரர் இல்லையா? "அஞ்சுல மூணு பாக்கலாம்" என்றார், பெனால்டி ஷூட் அவுட் கணக்கில். மூன்றுக்கு இரண்டு என்று மறுபடியும் வெள்ளை ஜெயித்தது.

"கடைசி தபா நீ கண்ணத் தொறந்துட்ட. செல்லாது" என்றார் ராஜவேலு.

"இன்னா சாமி, முருகன்கிட்ட கேக்க வந்தியா, முருகன்கூட மேட்ச் ஆட வந்தியா?" என்றார் அன்னம்மாள். "இருந்த பூவெல்லாம் வாடிப் பூடுச்சி. எயுந்து போ, வியாபாரம் பாக்கணும்."

எதற்கு இந்தப் பாடு? அவர் மனைவி சந்திராவிடம் கேட்டேன். அவர் சுற்றி வளைக்கிறவர் இல்லை. "பயம்ங்க. வேற ஒண்ணுமில்ல. இவுரு மேனேஜரா இருந்து டீம் தோத்துச்சின்னா, அப்பால அந்த கார்னர் கோல் கதைய எவன் நின்னு கேப்பான்? அதான் சோறு எறங்கல அவுருக்கு." சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. மனிதரிடம் இருப்பது ஒரே ஒரு கோல். அதை வைத்துத்தான் அவர் தெருவில் நிமிர்ந்து நடக்கிறார். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

ஆனால் பாருங்கள், தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு அவர் கிரவுண்டுக்கு வந்துவிடுவார். எதற்கு? தான் ஏன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைத் தமிழ்செல்விக்கு விளக்க!

"இந்த டீம எப்டிம்மா ஒத்துக்கறது? தோ, நவீன்குமாரு, கேப்டனாம். பந்து கால்ல வந்தப்பறம் யாருக்குக் குடுக்கலாம்னு தேடறான். வர்றதுக்கு மின்னாலயே பாத்து வெச்சிக்க வேணாமா? டேய், இங்க வா! இப்டித் திரும்பு. ஆங். மறுபடியும் ஓடு."

இப்படி ஒன்றரை மணி நேரம். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதெல்லாம் எவன் சரி பண்றது? அதான் யோசிக்கிறேன்" என்பார். மறுநாள் பின்வரிசைக்காரர்கள் எவ்வளவு மோசம் என்று விளக்கினார். அதற்குள் பின்வரிசை பாதி தேறிவிட்டது. அதற்கு மறுநாள் கோல் கீப்பரால் தனக்கு மனசு வரவில்லை என்று விளக்கினார். அன்றைக்கு கீப்பர் நூறு தடவை விழுந்து எழுந்தான். தமிழ்செல்விக்கு ஒரு வாரத்தில் விஷயம் புரிந்துவிட்டது. போட்டிப் படிவத்தில் மேனேஜர் என்ற இடத்தில் சத்தமில்லாமல் தன் பெயரையே எழுதி அனுப்பினார். ராஜவேலுவிடம் மூச்சு விடவில்லை. தினமும் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்பார்: "என்னண்ணா, முடிவு பண்ணீங்களா?" ஒருநாள் பயிற்சிக்கு அது போதும்.

முதல் சுற்றில் ஜெயித்தோம். கிளப் பிழைத்தது. இரண்டாவது சுற்றிலும் ஜெயித்தோம். அரையிறுதியில் யாரோ ஒரு புண்ணியவான் மரியாதை செய்வதாக நினைத்து மைதானக் கோட்டுக்கு அருகில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ராஜவேலுவை உட்கார வைத்துவிட்டார். அவ்வளவுதான். ஏதாவது சொன்னால் பொறுப்பு தன் தலையில் விழுமே என்று முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, வாயை இறுக்கி மூடி, போட்டோவுக்கு உட்கார்ந்தவர் போல இருந்தார். இருபத்தைந்து நிமிடத்தில் எங்கள் வலையில் இரண்டு கோல் விழுந்தது. தமிழ்செல்வி ஓடி வந்தார். "அண்ணா, அந்தச் சேரைக் குடுங்க, ஒரு பையனுக்குக் கால் புடிச்சிகிச்சு." நாற்காலி போயிற்று. ராஜவேலு எழுந்து நின்றார், கத்த ஆரம்பித்தார். மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தோம்.

இறுதி ஆட்டம் ஆர்.கே.பேட்டைக்காரர்களோடு. அன்று காலையில் தமிழ்செல்வி வீட்டு வாசலில் ராஜவேலு நின்றார். புது டிராக் சூட், நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் விசில்.

"தமிழு, ஒத்துக்கறேன்."

வேறு செயலாளராக இருந்தால் மாலை வாங்கி வர ஆள் அனுப்பியிருப்பார். தமிழ்செல்விக்கு அந்த நாற்காலி கண்ணில் வந்து நின்றது.

"அண்ணா, அவசரப்படாதீங்க. இன்னும் ரெண்டு நாளு நல்லா யோசிங்க."

"மேட்ச்சு இன்னிக்கி சாயங்காலம்மா!"

"அதான் சொல்றேன். எவ்ளோ பெரிய விஷயம், அவசரத்துல முடிவெடுக்கலாமா?"

பள்ளிக்கூடம் லீவு என்று கேட்ட பிள்ளையின் முகம் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவர் முகம். "அதுவும் சரிதான்" என்று விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

பாதி ஆட்டத்தில் ஆர்.கே.பேட்டை ஒரு கோல் முன்னால் இருந்தது. "பாத்தியா, நல்ல வேள நான் ஒத்துக்கல!" என்று கொண்டாட்டமாக உள்ளே வந்த ராஜவேலு, ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைப் பையன்களை உட்கார வைத்துப் பத்து நிமிடம் விளக்கினார். யார் எங்கே நிற்கிறான், எவனை விட்டுவிடுகிறான், எல்லாம் வந்தது. இரண்டாம் பாதியில் இரண்டு கோல். வெற்றிக் கோல் கார்னரிலிருந்து வந்தது. நவீன்குமார் நேராக அடிக்காமல் பக்கத்தில் இருந்தவனுக்குத் தட்டிவிட, அவன் தூக்கிப் போட, இன்னொருவன் தலையால் முட்டினான். ராஜவேலு அந்த முழங்காலோடு ஓர் ஆள் உயரம் குதித்தார். இறங்கியதும், "நேராவே அடிச்சிருக்கலாம். அன்னிக்கி அந்த மழையில..." என்று ஆரம்பித்தார். ஊரே நின்று கேட்டது.

கோப்பை கொடுக்கும்போது ஒலிபெருக்கியில் மேனேஜர் தமிழ்செல்வி என்று கூப்பிட்டார்கள். ராஜவேலு திரும்பிப் பார்த்தார்.

"அப்போ மேனேஜரு நீயா? எப்பத்துலருந்து?"

"மொத வாரத்துலருந்துண்ணா."

கோபப்படுவாரோ என்று எனக்குப் பதறியது. அவரோ கோப்பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நல்ல மேனேஜருமா நீ. ஆனா அடுத்த வருஷத்துக்கு நான் வேணும்னா இப்பவே சொல்லிடு. யோசிக்கணும்."

சிரித்துவிட்டீர்களா? நல்லது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலோ ஆபீசிலோ, உங்கள் முன்னால் ஒரு பொறுப்பை வைத்துவிட்டு, கொஞ்சமும் அவசரப்படுத்தாமல், தினமும் சிரித்த முகமாக "முடிவு பண்ணீங்களா?" என்று யாராவது கேட்கிறார்களா? நீங்கள் விளக்க விளக்கத் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்களா? அப்படியென்றால் அந்தப் படிவத்தில் வேறு ஒருவர் பெயர் எழுதி ரொம்ப நாளாகிறது. என்னிடம் அப்படி யாரும் கேட்பதில்லை என்கிறீர்களா? உடனே சொல்லாதீர்கள். ரெண்டு நாள் நன்றாக யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.