சந்தனம் பூசிய கரவன்

ஒஸ்லோ நகரத்தில் மின்சாரத்தோடு முகம் கொடுத்துக் கதைத்த ஒரே மனிதர் எங்கள் கறண்ட் அண்ணைதான். அவருடைய வேலை ஹோட்டலில் கோப்பை கழுவுவது. ஆனால் நாங்கள் இருந்த மோர்டென்ஸ்ருட் பகுதியில் எந்தத் தமிழ் வீட்டில் பல்ப் சிமிட்டினாலும் டெஸ்டரோடு வந்துவிடுவார். கூப்பிடத் தேவையில்லை.

ஒருமுறை எங்கள் வீட்டு அழைப்பு மணியைத் திருத்தினார். பிறகு யார் மணியை அழுத்தினாலும் குசினியில் அடுப்புக்கு மேலே காற்றாடி சுற்றியது.

"ஆள் வந்தது தெரியுதுதானே, தம்பி? பிறகென்ன?" என்றார்.

2000களின் நடுவில் என் மனைவிக்குப் பெரிய ஒப்பரேஷன் நடந்தது. சுகமானால் டென்மார்க்கில் அம்மன் தேருக்குக் கற்பூரச்சட்டி எடுப்பதாக நேர்த்தி வைத்திருந்தாள். அம்மன் கைவிடவில்லை. வழியில் நிறுத்தி நிறுத்தி அவள் படுத்து ஆறட்டும் என்று, கட்டில் மேசையோடு காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் பழைய கரவன் ஒன்று வாங்கினேன். கறண்ட் அண்ணை வந்து தேங்காய் உடைத்து, டயர்ச் சில்லு, கதவு, பிளக் என்று ஓரிடம் விடாமல் சந்தனம் பூசினார்.

டென்மார்க் கப்பலுக்குப் போகும் அன்று கரவனைக் காரோடு கொழுவினேன். பின்விளக்கு ஒன்றும் எரியவில்லை. விளக்கில்லாமல் றோட்டில் இறங்க முடியாது. கப்பலை விட்டால் தேரும் போச்சு.

கறண்ட் அண்ணை ஓடிவந்து கரவனுக்குள் புகுந்தார். கட்டில் வெளியே வந்தது. பிறகு மேசை. பிறகு கூரைத் தகடு.

"இப்ப எரியுதோ, தம்பி?"

"இல்லை, அண்ணை."

"கோவிக்காதை ராசா, வா, வெளியிலை வா." இது எனக்கில்லை, கறண்டுக்கு.

கண் கலங்கி நின்ற மனைவி திடீரென்று குனிந்தாள். காரிலிருந்து கரவனுக்குக் கறண்ட் போகும் பிளக்கைக் கழற்றிக் காட்டினாள். முனையெல்லாம் சந்தனம், காய்ந்து கல்லாகிக் கிடந்தது! வாய் திறக்காதே என்று எனக்குச் சைகை காட்டிவிட்டு, பயணப் பையிலிருந்த என் பல் பிரஷால் தேய்த்து மறுபடி கொழுவினாள்.

விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

"எரியுது, அண்ணை!"

அலமாரிக்குள்ளிருந்து தலை வெளிப்பட்டது. "பாத்தியோ? தன்மையாய்க் கேட்டால் வரும் எண்டு சொன்னனான்."

மனுசன் அதோடு விட்டாரா? சந்தனக் கிண்ணத்தோடு நேரே பிளக்கை நோக்கி நடந்தார். "வெளிக்கிட முந்தி இன்னொருக்கால் பூசுவம்."

மனைவி என்னைப் பிடித்துக் குறுக்கே தள்ளினாள். "ஐயோ அண்ணை, முதல் இவருக்குப் பூசுங்கோ! நிறையப் பூசுங்கோ!"

கிண்ணம் முழுவதும் என் நெற்றியில் காலியானது.

தேரன்று அம்மன் முன்னால் அவள் கற்பூரச்சட்டி ஏந்தி நின்றாள். பக்கத்தில் நின்று கறண்ட் அண்ணைக்காகவும் கும்பிட்டேன். அன்று காலை குளித்தபோதும், அவர் பூசிய சந்தனத்தில் மட்டும் தண்ணீர் படவிடவில்லை.